பதினொண்ணு செய்த முதல் பல்

அந்த வீட்டில் மூன்று மாதமாக எல்லாரும் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துத்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

பயப்பட வேண்டாம், சோப்புதான். ஆனால் சோப்பு சோப்பாக இருந்தால்தானே! எந்தக் கட்டியை வாங்கி வைத்தாலும் இரண்டே நாளில் அதற்கு மேலே ஐந்து முகடும் நடுவே பள்ளமும் கீழே இரண்டு வேரும் முளைத்துவிடும். ஒருநாள் தம்பி குளியலறைக்குள்ளிருந்தே கத்தினான்: "அம்மா! இந்தப் பல்லோட வேர் முதுகுல குத்துதும்மா!"

அம்மா தெருமுனையில் நகல் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்குக் கை கழுவ ஒழுங்கான சோப்பு கூட இல்லை என்றால் கோபம் வராதா?

"சோப்புன்னா சோப்பா இருக்கணும்டி. நேத்து வந்தவங்க கை கழுவிட்டு வந்து, வீட்ல யாருக்குப் பல்லு விழுந்துச்சுன்னு கேக்கறாங்க. மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"விழுந்த பல்லு இல்லம்மா. ஆரோக்கியமான பல்லு. கீழ்த்தாடை, முதல் கடைவாய்," என்றாள் மகள், கையில் சின்னக் கத்தியோடு.

இந்த மகளுக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்பு. மதிப்பெண்ணில் நடுவரிசை, ஓட்டப் பந்தயத்தில் கடைசி வரிசை. அதிலும் சும்மா கடைசி இல்லை. மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்து முகம் துடைத்த பிறகு வருகிற கடைசி. அப்படிப்பட்டவளுக்குத்தான் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம், இரண்டு நாள் பல் லேப், மாதம் பிறந்தால் அவள் பெயரிலேயே வங்கியில் சம்பளம் என்று ஒரு வாழ்க்கை வாய்த்திருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சம்பளமா என்று மூக்கின் மேல் விரல் வைத்தவர்கள் உண்டு. வைக்கட்டும். மூக்கும் அவர்களுடையது, விரலும் அவர்களுடையது. படித்துக்கொண்டே தொழில் பழகும் திட்டம் என்று ஒன்று வந்தது. பிள்ளைகளை மருத்துவமனைக்கும் வங்கிக்கும் பட்டறைக்கும் அனுப்பினார்கள். இவள் பல் செய்யப் போனாள். முதல் சம்பளத்தில் ஒரு டஜன் சோப்பு வாங்கி வந்து, ஆறு குளிக்க, ஆறு செதுக்க என்று பாகப்பிரிவினை செய்தாள். ஒரே வாரத்தில் குளிக்கிற ஆறும் பல்லாகிப் போனது வேறு கதை.

பல் லேப் என்பது பல் பிடுங்குகிற இடம் இல்லை. அங்கே நோயாளியே வருவதில்லை. மருத்துவர் வாயில் அச்சு எடுத்து ஒரு சீட்டோடு அனுப்புவார். சீட்டில் பெயர் இருக்காது, எண்தான். அச்சில் வெள்ளைச் சாந்தை ஊற்றினால் அந்த வாய் அப்படியே மேசை மேல் வந்து உட்கார்ந்துவிடும்; அதற்குப் பெயர் மாதிரி. உடைந்த பல்லை மருத்துவர் குச்சி போல் ராவி வைத்திருப்பார். அதன் மேல் மாட்ட பீங்கானில் ஒரு உறை செய்ய வேண்டும். மாட்டிவிட்டால் அதுதான் பல். நீளமான ஒரே அறை, ஜன்னலோரம் ஏழு மேசை, மேசைக்கு ஒரு விளக்கு, மூலையில் இரண்டு மின்சூளை. ஆறு மேசையில் ஆறு பேர். ஏழாவது இவளுக்கு. பதினோராம் வகுப்பு என்பதால் முதல் நாளே "பதினொண்ணு" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

லேப் பொறுப்பில் இருந்தவள் பெரியக்கா. வயது முப்பதுதான், ஆனால் கோபத்துக்கு வயது அறுபது. "பள்ளிக்கூடம் நடத்த நேரம் இல்ல எனக்கு" என்று முதல் நாளே எரிந்து விழுந்தாள். பெரியக்காவின் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒரே வார்த்தை: திரும்பியவை. பொருந்தாமல் மருத்துவரிடமிருந்து திரும்பி வந்த பற்களின் கணக்கு. அதில் பூச்சியத்தைத் தவிர வேறு எண் வந்தால் அன்றைக்கு லேப்பில் மூச்சு விடக்கூட யோசிக்க வேண்டும்.

பதினொண்ணுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குப் பல் பைத்தியம் பிடித்துவிட்டது. வகுப்பில் வரலாறு நடக்கும்போது ஆசிரியையின் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். அவரும் இந்தப் பிள்ளைக்கு என்ன அக்கறை என்று உருகிப் போவார். அவளோ, மேல்வரிசை நான்காவது பல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அடடா, என்ன அழகு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

இவளுக்கு இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தது விசில் சார். விளையாட்டு ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் எந்தப் புது வேலை வந்தாலும் அது விளையாட்டு ஆசிரியர் தலையில்தான் விடியும். இந்தத் திட்டமும் அப்படித்தான் விடிந்தது. மனிதர் அதையும் சிரித்துக்கொண்டே செய்தார். அந்தச் சிரிப்பில்தான் விஷயமே இருக்கிறது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு சந்து. பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து அதில் செருகினால் கையை எடுத்த பிறகும் விறைப்பாக நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் காட்டுகிற முதல் வித்தை அதுதான். அந்தச் சந்தில் நாக்கை வைத்து அவர் ஊதினால், ஊதல் எதற்கு? மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் காக்கை பறக்கும்.

ஒரு நீளம் என்றால் எல்லாரும் அப்படியே நில். இரண்டு குட்டை என்றால் ஓடு. மூன்று குட்டையும் ஒரு நீளமும் சேர்ந்து வந்தால் முதல் பரிசு. யார் கயிற்றைத் தொட்டார்களோ அவர்களைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். ஆறாம் வகுப்பிலிருந்து அந்த விசிலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள் பதினொண்ணு. ஒருதடவை கூட அது அவளுக்காக வந்ததில்லை.

இப்போது முக்கியமான சங்கதி. தொண்ணூறு நாள்தான் சோதனைக் காலம். தொண்ணூறாவது நாள் பெரியக்காவும் விசில் சாரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இரண்டு வருட இடம். அதற்குள் ஒரு பல்லாவது அவள் தனியாகச் செய்து, அது நோயாளியின் வாய்க்குள் போய், திரும்பாமல் இருக்க வேண்டும். திரும்பினால் இடம் போச்சு. வரிசையில் அடுத்த ஆள் தயாராக இருந்தான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை.

பதினோராவது வாரம் பெரியக்கா ஒரு தட்டைக் கொண்டுவந்து ஏழாவது மேசையில் வைத்தாள். "மேல்வரிசை, வலது முன்பல். நீயே பண்ணு. சொதப்பாத."

பல் லேப்பில் ஒவ்வொரு பல்லுக்கும் எண் உண்டு. மேல் வலது முன்பல்லுக்கு எண் பதினொன்று. லேப் முழுக்கச் சிரித்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்பல்! எல்லாருக்கும் பின்பல் கொடுத்துத்தான் ஆரம்பிப்பார்கள். முன்பல் என்றால் சிரித்தால் தெரியும், பேசினால் தெரியும், ஊரே பார்க்கும்.

சீட்டைப் படித்தாள். நிறம், நீளம், எல்லாம் இருந்தது. கீழே இடது மூலையில் ஒரு கட்டம்: "முன்பற்களுக்கு நடுவே சந்து: வைக்கவும் / மூடவும்." இரண்டிலும் குறி இல்லை. கட்டம் காலியாக இருந்தால் மருத்துவரைப் போனில் கேட்க வேண்டும் என்பது லேப் விதி. அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம். பார்த்தாள், போன் பக்கம் திரும்பினாள், பெரியக்கா அதே போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். 'யார்தான் சந்து வேணும்னு கேப்பாங்க?' என்று நினைத்தாள். தூரிகையை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு உலகம் தெரியவில்லை. பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, தூரிகை நுனியால் சொட்டுச் சொட்டாக வைத்து, அடியில் கொஞ்சம் மஞ்சள், நடுவில் வெள்ளை, நுனியில் கண்ணாடி மாதிரி ஒன்று என்று அடுக்கினாள். சூளையில் பீங்கான் சுருங்கும் என்பதால் பல்லைப் பெரிதாகவே கட்ட வேண்டும். பார்க்கக் குதிரைப் பல் மாதிரி இருந்தது. சூளைக்குள் போய் வந்தது. அடேயப்பா! உள்ளே போனது மாவு, வெளியே வந்தது பல். இன்னும் இரண்டு தடவை போட்டாள், ராவினாள், மெருகேற்றினாள். பக்கத்துப் பல்லில் ஒரு மெல்லிய கோடு இருந்தது. அதேபோல இதிலும் மயிரிழைக் கோடு ஒன்றை உள்ளே ஓட்டினாள். யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

பெரியக்கா விளக்கை இழுத்துப் பார்த்தாள். சாந்து மாதிரியில் பல்லை மாட்டி, இரண்டு முன்பற்களுக்கும் நடுவே மெல்லிய தாளை நுழைத்து இழுத்தாள். தாள் சிக்கி நின்றது. இம்மி கூடச் சந்து இல்லை. சீட்டின் அடியில் "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டாள்.

"ம்," என்றாள்.

அந்த லேப்பில் "ம்" என்பது பதக்கம். ஆறாவது மேசைக்காரர் திரும்பி, "எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு அந்த 'ம்' வாங்க" என்றார். அடுத்த புதன்கிழமை சீட்டு திரும்பி வந்தது: பொருந்தியது. தற்காலிகப் பசை, பத்து நாள். பலகையில் பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது. பதினொண்ணு வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனாள். தம்பியைத் தூக்கிச் சுற்றினாள். "யாரோ ஒருத்தர் என் பல்லால சாப்பிடறாங்கடா!" என்றாள். "ச்சீ," என்றான் தம்பி.

விசில் சார் காய்ச்சல் என்று இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை விளையாட்டு விழா. மைதானத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சார் வந்து நின்று, எல்லாரையும் பார்த்து வாயகலச் சிரித்தார்.

பதினொண்ணு மூன்றாவது வரிசையில் நின்றாள். வெயில் சாரின் வாயில் நேராக விழுந்தது. மேல்வரிசை, வலது முன்பல். உள்ளே மயிரிழைக் கோடு.

"என் பல்லு!" என்று கத்திவிட்டாள்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற தோழி, "என்னடி, பல்வலியா?" என்றாள். பதினொண்ணுக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. உள்ளம் துள்ளியது. அந்தச் சிரிப்பில் பாதி அவள் செய்தது! பந்து பட்டு உடைந்ததாம், வெட்கத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாராம் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

சார் நாக்கைப் பல்லில் வைத்தார். ஓடு என்பதற்கு இரண்டு குட்டை.

"ஃபுஸ்."

மறுபடி ஊதினார். "ஃபுஸ், ஃபுஸ்." சைக்கிள் டியூபில் காற்றுப் போவது மாதிரி. முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு வரிசையே சிரித்தது. சாரும் சேர்ந்து சிரித்தார். பிறகு பையிலிருந்து பிளாஸ்டிக் ஊதல் ஒன்றை எடுத்தார். புத்தம் புதியது, விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை. அதை ஊதும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். இங்கே பல் வந்து விசில் போயிருந்தது. பதினொண்ணுக்கு அந்தக் காலிக் கட்டம் கண் முன்னால் வந்து நின்றது.

மாலையில் கடைக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா யாருக்கோ நாற்பது பக்கம் நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"டாக்டர் ஒத்துக்கிட்டாரு. சாரும் எதுவும் சொல்லல. நான் வாயத் திறந்தா எடம் போயிடும்மா."

"சார் ஏன் சொல்லல?"

"அம்பது வயசு ஆளு டாக்டர்கிட்ட போயி, எனக்கு விசில் வரலன்னா சொல்லுவாரு? வெக்கப்படுவாரு."

அம்மா மெஷினை நிறுத்தினாள். "பதினஞ்சு வருஷமா இந்தக் கடைய நடத்தறேன். ஒரு பக்கமா, ரெண்டு பக்கமான்னு கேக்காம ஒரு தாள் எடுத்திருக்கேனா? கேக்காம எடுத்தா அந்தத் தாளுக்கு நானே பொறுப்பு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். உனக்கு எடம் போனா எனக்கும் வயிறு எரியும்டி, எரியாம இருக்குமா? அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்." பிறகு மெஷினைத் தட்டிவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள்.

புதன்கிழமை லேப்புக்குப் போனதும் பெரியக்காவிடம் சீட்டை நீட்டினாள். பெரியக்கா காலிக் கட்டத்தைப் பார்த்தாள். அடியில் இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"பொருந்தியதுன்னு வந்தாச்சு. அப்புறம் என்ன? பொருந்தின பல்லத் தோண்டாத. நாளைக்கு உன் படிவம். போய் மாதிரி ஊத்து."

"அக்கா, அது யாரு வாய்னு..."

"யார் வாயா இருந்தா என்ன? நமக்கு எண்ணுதான். போ!"

அன்று ஊற்றிய மாதிரியில் மூன்று குமிழி. அவள் மூன்று மாதத்தில் ஒரு குமிழி கூட விட்டதில்லை.

தொண்ணூறாவது நாள், வியாழக்கிழமை மதியம், விசில் சார் லேப்புக்கு வந்தார். வெளுத்த சட்டை, கையில் கோப்பு, வாய் நிறையச் சிரிப்பு. இங்கேதான் தன் பல் பிறந்தது என்று அவருக்குத் தெரியாது. இந்த ஆள்தான் அந்த எண் என்று லேப்பில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் ஒருத்தி ஏழாவது மேசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா படிவத்தை விரித்தாள். "நேரத்துக்கு வருது. கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். சொந்த வேலை: ஒரு பல். திரும்பியது..." பேனா "இல்லை" என்று எழுதப் போனது.

"திரும்பிடுச்சுக்கா," என்றாள் பதினொண்ணு.

அறையில் பல் ராவுகிற ஆறு கைமோட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"என்னது?"

"அந்தப் பல்லு திரும்பிடுச்சு."

"யாருடி திருப்பினது? சீட்டு எங்கிட்ட இருக்கு!"

"நான்தான்."

"நீ எப்படித் திருப்புவ? பல்லு எங்க இருக்கு?"

பதினொண்ணு கையை நீட்டினாள். விரல் நேராக விசில் சாரின் வாயைக் காட்டியது. சார் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறாவது மேசைக்காரர் "ஐயோ!" என்றார்.

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. காலிக் கட்டம், கேட்காமல் விட்டது, மைதானம், ஃபுஸ், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அழுகிறாளா பேசுகிறாளா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சார் கையை எடுக்காமலே, "பல்லு நல்லாத்தாம்மா இருக்கு. எல்லாரும் அழகா இருக்குன்னு சொல்றாங்க" என்றார்.

"சார், ஒரே ஒரு தடவ விசிலடிங்க."

"இங்கயா? வேணாம்மா."

"அடிங்க சார்."

சார் சுற்றிலும் பார்த்தார். நாக்கை வைத்தார். "ஃபுஸ்." அந்த நீள அறையில் அது எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"இருபத்தாறு வருஷம் ஊதினது," என்றார் சார், மெல்ல. "நாளைக்கு நிரந்தரப் பசை வெக்கிறேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அப்புறம் உடைச்சுத்தான் எடுக்கணுமாம். சரி, போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

பெரியக்கா எழுந்தாள். லேப் முழுக்கக் குனிந்துகொண்டது. ஆனால் அவள் கத்தவில்லை. வெள்ளைப் பலகைக்குப் போனாள். பூச்சியத்தை உள்ளங்கையால் அழித்தாள். ஒன்று என்று எழுதினாள். பிறகுதான் கத்தினாள்: "என்ன எல்லாரும் பாத்துட்டு இருக்கீங்க? பதினொண்ணு, கைமோட்டாரயும் சாந்து மாதிரியயும் தூக்கு! சார், நீங்க எந்திரிங்க! நாளைக்குன்னா சொன்னாங்க? இன்னைக்கே போறோம்!"

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. மூன்று பேரும் நடந்தார்களா, ஓடினார்களா என்று கேட்காதீர்கள். டாக்டரம்மா, காத்திருந்த நோயாளிகளைக் கைகூப்பிச் சமாதானம் செய்துவிட்டு, சாரை நாற்காலியில் சாய்த்தார். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. பல் கழன்று தட்டில் விழுந்தது. பதினொண்ணு மூலைப் பலகையில் உட்கார்ந்து கைமோட்டாரை மாட்டினாள்.

"எவ்வளவு சார் இருந்துச்சு சந்து?"

"பஸ் டிக்கெட்டு, நாலா மடிச்சது," என்றார் சார், ஒரு பல் குறைந்த வாயோடு.

காத்திருந்தவர்களில் ஒருவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு டிக்கெட் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சாந்து மாதிரியில் வைத்துப் பார்த்தாள். ராவினாள், ஆனால் முழுக்க இல்லை. பீங்கானைத் தேய்த்துக் குறைக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது. பொறுமையாகத்தான் போக வேண்டும். டாக்டரம்மா மாட்டினார். சார் ஊதினார். "ஃபுஸ்." கழற்றினார். ராவினாள். மாட்டினார். "சீ...ஃபுஸ்." கெட்டில் கொதிக்கிற மாதிரி ஏதோ ஒன்று வந்தது. "வருது, வருது!" என்று பெரியக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கோபக்காரி என்பதே மறந்துபோயிருந்தது.

மூன்றாவது தடவை. பதினொண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு ராவுகிற கல்லை ஒரே ஒருமுறை ஓட்டினாள். டிக்கெட் நுழைந்தது, நின்றது. டாக்டரம்மா மாட்டினார். சார் நாக்கை வைத்தார்.

விசில் வந்ததே பார்க்க வேண்டும்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் கையை எடுத்துவிட்டுக் காதைப் பொத்தினார். வெளியே தெருவில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளோடு அப்படியே சிலையாக நின்றுவிட்டார்கள், ஒரு நீளம் வந்துவிட்டதல்லவா! சாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவர் அதை மறைக்கவும் இல்லை. "வந்துருச்சும்மா," என்றார். "வந்துருச்சு."

பல்லை லேப்புக்குக் கொண்டுபோய் மெருகேற்றிச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு படிவம் பாக்கி இருந்தது.

பெரியக்கா உண்மையையே எழுதினாள். திரும்பியது: ஒன்று. திருப்பியவர்: செய்தவரே. பதினொண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். குறிப்பு என்று இருந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு பெரியக்கா வேகமாக எழுதினாள்: "காலிக் கட்டத்தைப் பற்றிக் கேட்காதது பயிற்சி மாணவி. கேட்டாயா என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டது நான்."

"அக்கா, நீங்க ஏன்..."

"என் கையெழுத்து அங்க இருக்குல்ல? நான் என்ன பொம்மையா? தாள நுழைச்சுப் பாத்து 'ம்' சொன்னது யாரு? வாய மூடு."

சாரும் கையெழுத்துப் போட்டார். ஆனால் திரும்பிய பல் இருக்கும் படிவத்தை அவர்கள் இரண்டு பேர் மட்டும் முடிவு செய்ய முடியாது. திட்ட அலுவலகம்தான் சொல்ல வேண்டும். "இடத்த வெச்சுக்கோன்னும் சொல்லலாம், அடுத்த பிள்ளைக்குக் கொடுன்னும் சொல்லலாம்" என்றார் சார். "எனக்குத் தெரியாதும்மா. பொய்யா ஆறுதல் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை விளையாட்டு விழா. மைதானம் கொள்ளாத கூட்டம். அம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்து தம்பியோடு வேலியோரம் நின்றாள். பதினொண்ணுக்கு நானூறு மீட்டர் ஓட்டம். அவளாகப் பெயர் கொடுக்கவில்லை. ஆள் குறைகிறது என்று வகுப்பில் தள்ளிவிட்டார்கள். இரண்டு குட்டை விசில் வந்தது, உண்மையான விசில், பள்ளிக்கூடமே ஆரவாரம் செய்தது. எல்லாரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள். பழையபடியே ஆயிற்று. முதலில் வந்தவளைக் கூப்பிடும் மூன்று குட்டையும் ஒரு நீளமும் ஒலித்தபோது பதினொண்ணு பாதி வளைவில்தான் வந்துகொண்டிருந்தாள். முதலில் வந்தவள் மேசைக்குப் போய்ப் பரிசு வாங்கினாள். மற்றவர்கள் கலைந்தார்கள். இவள் மைதானத்தின் கோடியில், இடுப்பில் கை வைத்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தே முடித்தாள்.

மேசையில் சாருக்குப் போன் வந்ததை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். சார் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். தலையாட்டினார். போனை வைத்தார். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் யாரையோ தேடினார்.

அவ்வளவு சத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? சார் நாக்கைப் பல்லில் வைத்தார்.

மூன்று குட்டை. ஒரு நீளம்.

மைதானம் குழம்பியது. "பரிசுதான் குடுத்தாச்சே, மறுபடி யாரக் கூப்பிடறாரு?" முதலில் வந்தவள் கையில் கோப்பையோடு சந்தேகமாக எழுந்து நின்றாள். சார் அவளைப் பார்த்து இல்லை என்று தலையாட்டிவிட்டு, கையை நேராக மைதானத்தின் கோடியை நோக்கி நீட்டினார்.

பதினொண்ணு பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

மறுபடியும் விசில் வந்தது. மூன்று குட்டை, ஒரு நீளம். வேலியோரத்தில் அம்மா கத்தினாள்: "ஏய் கழுதை, உன்னைத்தான்டி! ஓடு!"

ஓடினாள். பந்தயத்தில் ஓடியதைவிட வேகமாக ஓடினாள். மேசைக்கு வந்து சேர்ந்து அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷம்," என்று மட்டும் சொன்னார் சார், இரண்டு விரலைக் காட்டி.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாரின் முகத்துக்குக் கிட்டே வந்தாள்.

"சார், ஈறு சிவந்திருக்கான்னு பாக்கணும். கொஞ்சம் வாயத் திறங்க."